தலைவலி மாத்திரையோடு டோலோவும் சேர்த்துப் போடலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். வயது 38. நெற்றியைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டியதுபோல் அடிக்கடி தலைவலி வரும். டென்ஷன் தலைவலி என்று சொல்லி, பியூட்டல்பிட்டால், அசெட்டமினோஃபென், கஃபீன் மூன்றும் கலந்த மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்தார். முதலில் வாரத்துக்கு ஒன்று போதுமாக இருந்தது. இப்போது ஆறு மாதமாக வாரத்தில் நான்கு நாள் போடுகிறேன். காலையில் கண் விழிக்கும்போதே வலிக்கிறது. அப்படியும் அடங்காவிட்டால் ஊரிலிருந்து அம்மா கொண்டுவந்த டோலோ 650 போட்டுக்கொள்கிறேன். இது சரியா? பேசாமல் எல்லாவற்றையும் நிறுத்திவிடட்டுமா?

பதில்: முதலில் டோலோவை எடுத்து உள்ளே வையுங்கள். இன்றிலிருந்தே அந்த மாத்திரையோடு சேர்த்துப் போட வேண்டாம்.

அமெரிக்காவில் அசெட்டமினோஃபென் என்று சொல்வதும் நம் ஊரில் பாரசிட்டமால் என்று சொல்வதும் ஒரே மருந்துதான். டோலோ 650 ஒன்றில் இருப்பதும் 650 மில்லிகிராம் பாரசிட்டமால்தான். ஒரே வேதிப் பெயரிலிருந்து ஆளுக்குச் சில எழுத்துகளைப் பொறுக்கி வைத்த இரண்டு பெயர்கள். மருந்து டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டில் ‘ஏபிஏபி’ என்று சுருக்கமாக இருந்தால் அதுவும் இதேதான். நன்றாகப் படித்தவர்களும் இந்த இடத்தில் ஏமாந்துபோகிறார்கள். அதனால் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன்.

உங்கள் மாத்திரை ஒன்றில் வழக்கமாக 50 மில்லிகிராம் பியூட்டல்பிட்டால், 325 மில்லிகிராம் அசெட்டமினோஃபென், 40 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். ஒரு நாளைக்கு ஆறுக்கு மேல் கூடாது என்பது விதி. ஆறு போட்டால் பாரசிட்டமால் 1,950 மில்லிகிராம். அதே நாளில் மூன்று டோலோ 650 போட்டால் இன்னொரு 1,950. மொத்தம் 3,900. ஒரு நாளின் உச்ச வரம்பே 4,000தான். அன்று ஜலதோஷமும் சேர்ந்து, இரவில் நைக்வில் என்ற ஜலதோஷ மாத்திரை இரண்டு போட்டால் அதிலும் பாரசிட்டமால் 650. வரம்பு தாண்டிவிட்டது, நீங்கள் அறியாமலே. இதில் அடி வாங்குவது கல்லீரல். அளவு மீறிய முதல் நாளில் உடம்புக்கு ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம், அதுதான் ஆபத்து. இந்த நஞ்சை முறிக்கும் மருந்தை எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். எனவே அளவு மீறியதாகச் சந்தேகம் வந்தாலே, ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று காத்திராமல் 1-800-222-1222 என்ற அமெரிக்க நச்சு உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது பியூட்டல்பிட்டால். இது பார்பிட்யூரேட் வகை. நரம்பைத் தளர்த்தித் தூக்கம் வரவைக்கும், பழக்கமாகவும் ஆகிவிடும். இதன் பாதி உடம்பை விட்டு வெளியேறவே சுமார் 35 மணி நேரம் ஆகும். திங்கள் இரவு ஒன்பது மணிக்குப் போட்ட மாத்திரையில் பாதி, புதன் காலை எட்டு மணிக்கு நீங்கள் காரை எடுக்கும்போதும் உள்ளே இருக்கும். வாரத்தில் நான்கு நாள் போடுகிறவருக்கு அது முழுதாகக் காலியாவதே இல்லை. இதன் மேல் மதுவோ, தூக்க மாத்திரையோ, அல்பிரசோலாம் போன்ற பதற்ற மாத்திரையோ, கோடீன் கலந்த மருந்தோ சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடலாம். ஒவ்வாமைக்குப் போடும் பெனட்ரில்கூட மயக்கத்தைக் கூட்டும். கருத்தடை மாத்திரை எடுப்பவரானால் அதன் வேலையையும் இது குறைக்கக்கூடும். டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

காலை வலிக்கு வருகிறேன். வாரம் நான்கு நாள் என்றால் மாதத்துக்குப் பதினாறு, பதினேழு நாள். இந்த வகைக் கலவை மாத்திரையை மாதத்தில் பத்து நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு அதிகமாகப் போட்டால், வலிக்குப் போட்ட மாத்திரையே புதிய வலியை உண்டாக்கலாம். உங்களுக்கு நடப்பது அதுவாக இருக்கும் என்றே எனக்குப் படுகிறது. உங்களைப் பார்த்து உறுதி செய்ய வேண்டியவர் டாக்டர். வலி கூடிவிட்டது என்று நினைத்து மருந்தைக் கூட்டுவீர்கள், மருந்து கூடக் கூட வலி வரும் நாளும் கூடும். இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. மாத்திரை கொடுக்கும்போதே யாராவது இதை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அதற்காக நாளைக்கே அடியோடு நிறுத்திவிடாதீர்கள். இவ்வளவு நாள் போட்ட பார்பிட்யூரேட்டைச் சட்டென்று விட்டால் கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை வரலாம். சிலருக்கு வலிப்பே வந்துவிடும். எத்தனை நாள் போட்டீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லி, அவர் போட்டுத் தரும் கணக்குப்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். குறைக்கும்போது முதல் சில நாட்கள், சிலருக்கு ஓரிரு வாரம்கூட, வலி முன்னைவிடக் கடுமையாகத் தெரியும். அந்த நாட்களில்தான் பலர் பழைய டப்பாவைத் திரும்பத் தேடுகிறார்கள். முன்பே தெரிந்தால் தாங்கிவிடலாம். வலி வராமல் தடுக்க அமிட்ரிப்டிலின் போன்ற மருந்து உங்களுக்குப் பொருந்துமா, கழுத்து தோள்பட்டைக்கு பிசியோதெரபி உதவுமா என்று அப்போதே கேளுங்கள். உங்களுக்கு இருப்பது மைக்ரேன் இல்லை என்பதையும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். மைக்ரேனுக்கு பியூட்டல்பிட்டாலைக் கடைசி வழியாகத்தான் தொட வேண்டும் என்று அமெரிக்க நரம்பியல் அகாடமியே சொல்லியிருக்கிறது.

காபி எத்தனை கப் என்று நீங்கள் எழுதவில்லை. மாத்திரையில் இருக்கும் கஃபீனும் காபியோடு சேர்ந்துதான் கணக்கு. காபியையும் ஒரே நாளில் விடாதீர்கள், அதுவே தலைவலி தரும்.

இதுவரை இல்லாத வேகத்தில் சட்டென்று உச்சத்துக்குப் போகும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஒரு பக்கம் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், தலையில் அடிபட்ட பின் வரும் வலி: இவற்றில் எது வந்தாலும் மாத்திரையைத் தேடாமல் 911ஐ அழையுங்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்வரை அடுப்படிக் காலண்டரில் மாத்திரை போட்ட ஒவ்வொரு நாளையும் வட்டமிட்டு, எத்தனை என்றும் எழுதுங்கள். அந்தத் தாளையும் வீட்டிலிருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், டோலோ அட்டை உட்பட.

இன்னொன்று. அம்மாவுக்கும் தலை வலிக்கிறது என்று உங்கள் மாத்திரையில் ஒன்றைக் கொடுத்துவிடாதீர்கள். வயதானவர்களுக்கு இது தள்ளாட்டத்தையும் குழப்பத்தையும் கொடுக்கும், ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்துவிடுவார்கள். அவர் வேறு மருந்து எதுவும் சாப்பிடாமல், கல்லீரல் கோளாறும் இல்லாமல் இருந்தால், அவர் கொண்டுவந்த டோலோவே அவருக்குப் போதும்.