ஜப்பானிய மங்காவில் அடங்காத மாணவர்கள் ஏன் நாயகர்களாகிறார்கள்?

பள்ளிக்கு அடங்காத ‘யாங்கீ’ இளைஞர்களை ஜப்பானியச் சித்திரக்கதையான மங்கா ஏன் நாயகர்களாக்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சீருடையின் நீளம் முதல் முடியின் நிறம் வரை பள்ளிகளே விதித்த சூழலில், அந்தச் சீருடையைத் திருத்தி அணிவதே முதல் எதிர்ப்பாயிற்று. 1970களின் ‘சுகேபான்’ எனப்பட்ட அடங்காத மாணவிகள் கணுக்காலை எட்டும் நீளப் பாவாடை அணிந்தது அப்படித்தான். மோட்டார் சைக்கிள் கும்பல்களின் எம்பிராய்டரி செய்த நீள அங்கிக்கு ‘தொக்கோஃபுகு’ என்று பெயர். போர்க்காலத் தற்கொலைப் படையை நினைவூட்டும் பெயர் அது.

அடிதடியைவிட இக்கதைகளில் என்னை ஈர்ப்பது, வீடும் பள்ளியும் கைவிட்ட பிள்ளைகள் தமக்குள் வளர்த்துக்கொள்ளும் விசுவாசமே. 2017இல் தொடங்கிய ‘டோக்கியோ ரிவெஞ்சர்ஸ்’ மங்காத் தொடரின் நாயகன் தகேமிச்சி சண்டையில் வல்லவன் அல்லன். ஆனால் எத்தனை அடி விழுந்தாலும் நண்பர்களை விட்டு ஓடாதவன் என்பதற்காகவே மற்றவர்கள் அவனை மதிக்கிறார்கள்.