மீனா குமாரியும் எங்க ஊர் ராத்தாவும்

கேள்வி: ஹிந்தி படத்துல வர்ற முஸ்லிம் பொண்ணுங்கள பாத்து அழுதிருக்கீங்களா?
– வாசகி, கீழக்கரை

பதில்: அழாமலா! 1972ல வந்த 'பாகீஸா', படம் ரிலீஸாகி ரெண்டு மாசம்கூட ஆகல, அதோட கதாநாயகி மீனா குமாரி இறந்துபோய்ட்டாங்க, அத தெரிஞ்சு பாத்தா இன்னும் அழுக வரும். ஆனா அந்த சலங்கை, கஜல், சரவிளக்கு எல்லாம் முடிஞ்சு தெருவுக்கு வந்தா, வெள்ள துப்பட்டி போத்திகிட்டு நகரை மீனுக்கு பத்து ரூபா கொறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுற நம்ம ராத்தா (அக்கா) நிக்கிறாங்க, உருதும் தெரியாது, ஷாயரின்னு சொல்ற உருதுக் கவிதையும் தெரியாது, எங்க ஊர்ல வீடும் பொண்ணுக்குத்தான், மாப்பிள்ளதான் வந்து தங்கணும் (பம்பாய் டைரக்டர்கிட்ட சொன்னா நம்புவாரா?). எழுத்தாளர் சல்மா திருச்சி பக்கத்துக்காரங்கதான், ஆனா அவங்க நாவல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' படிச்சப்பதான் எங்க அடுப்படி பேச்சே காதுல விழுந்துச்சு. அந்த புத்தகத்த எங்க உம்மா (அம்மா) வாங்கி பாதி படிச்சுட்டு அரிசி டப்பாவுக்கு பின்னாடி ஒளிச்சு வச்சாங்க, இன்னும் திருப்பித் தரல.