ஈஸ்டர் விடுமுறையில் ரோம், புளோரன்ஸ், வெனிஸ்: எதை விடலாம்?

வணக்கம். பெரிய வெள்ளி முதல் செவ்வாய் வரை முழங்கால் வலியுள்ள தாயாருடன் ரோம், புளோரன்ஸ், வெனிஸ் மூன்றையும் பார்த்துவிட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். அடிக்கு அடி படிகள் கொண்ட பாலங்களை ஏறி இறங்க வேண்டிய வெனிஸை இம்முறை விட்டுவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

இத்தாலியில் பெரிய வெள்ளி அரசு விடுமுறை அல்ல. வத்திக்கான் அருங்காட்சியகம் ஈஸ்டர் ஞாயிறும் மறுநாள் திங்களும் மூடியிருக்கும் என்பதால், அதற்கு வெள்ளியன்றோ சனியன்றோ இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். வெள்ளி இரவு கொலோசியத்தின் அருகே நடக்கும் சிலுவைப் பாதை வழிபாட்டில் வெகுநேரம் நிற்க வேண்டியிருக்கும். தாயாருக்கு அது வேண்டாம்.

சனி மாலை அதிவேக ரயிலில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் புளோரன்ஸ் சென்றுவிடலாம். ஞாயிறு காலை அங்கே பேராலயத்தின் முன் நடக்கும் தேர் வெடிப்பு விழாவை எக்காரணம் கொண்டும் தவறவிடாதீர்கள். பூமாலை சூடிய வெள்ளை மாடுகள் இழுத்துவரும் உயரமான மரத்தேரை நோக்கி, பூசையின் நடுவே, பலிபீடத்திலிருந்து ஒரு கம்பி வழியே புறா வடிவ வாணம் சீறிப் பாய்ந்து வந்து வெடிகளைக் கொளுத்திவிட்டுத் திரும்பிச் செல்லும். அது தடையின்றித் திரும்பினால் அவ்வாண்டு விளைச்சல் செழிக்கும் என்பது அவ்வூர் மக்களின் நம்பிக்கை. சுமார் 11 மணிக்கு நடப்பதைக் காண 9 மணிக்கு முன்பே இடம்பிடிக்க வேண்டும். சிறிய மடக்கு நாற்காலி ஒன்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்.

திங்களன்று இத்தாலியர்கள் குடும்பத்தோடு வெளியூர் கிளம்புவதால் ரயில்கள் நிரம்பி வழியும். அன்று புளோரன்ஸிலேயே தங்கி, செவ்வாயன்று ரோம் திரும்புங்கள்.