பனிக்காலச் சைக்கிளில் பாதம் மரத்துப்போகிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டும் பாதி வழியிலேயே விரல்கள் மரத்துவிடுகின்றன. மூன்றாவது ஜோடியும் போடலாமா? (டொரொன்டோ)

வேண்டவே வேண்டாம். இரண்டாவதையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். பாதத்துக்குச் சூடு ரத்தத்தில்தான் வருகிறது. சாக்ஸ் அதை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான். ஷூவுக்குள் துணியைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறையும். சூட்டைப் பிடித்துவைக்கும் காற்றுக்கும் உள்ளே இடம் இருக்காது.

இன்னொன்று, நடக்கும்போது பாதம் மடங்கி நிமிர்கிறது. பெடல் மிதிக்கும்போது தொடையும் முழங்காலும்தான் வேலை செய்கின்றன, பாதம் அசையாமல் எதிர்க்காற்றை வாங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் குளிர்காலத்துக்கென்று அரை சைஸ் பெரிய ஷூ வாங்குங்கள். உள்ளே கெட்டியான மெரினோ கம்பளி சாக்ஸ் ஒரே ஒரு ஜோடி போதும். லேஸ் கட்டிய பிறகும் ஐந்து விரல்களையும் தாராளமாக ஆட்ட முடிய வேண்டும். பருத்தி சாக்ஸ் கூடாது. வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும். கம்பளி கொஞ்சம் நனைந்தாலும் கதகதப்பு போகாது.

தொடைக்கும் முழங்காலுக்கும் காற்றுப் புகாத பேன்ட், தலைக்கு ஹெல்மெட்டுக்குள் மெல்லிய குல்லா இரண்டும் அவசியம். உடம்பு குளிர்ந்தால் கை, கால் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் அது முதலில் குறைக்கும். அப்படியும் மரத்தால் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சில நிமிடம் நடங்கள். பெரும்பாலும் விரலுக்கு உணர்வு திரும்பிவிடும்.

வாட்டர்ப்ரூஃப் ஷூ போட்டும் ஆபீஸ் போய்ச் சேரும்போது உள்ளே தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஷூ மோசமா? (லண்டன்)

ஷூவைக் குறை சொல்லாதீர்கள். பேன்ட்டை சாக்ஸுக்குள் சொருகுகிறீர்களா? அப்படியென்றால் காலில் வழியும் மழை நேரே உள்ளேதான் இறங்கும். மழைப் பேன்ட்டின் விளிம்பு ஷூவின் வாய்க்கு வெளியே விழ வேண்டும். ஷூவுக்கு மேல் மாட்டும் உறையான ஓவர்ஷூ போட்டாலும் அதன் மேல்விளிம்பு பேன்ட்டுக்கு அடியில்தான்.

அடுத்து முன்சக்கரத்தைப் பாருங்கள். அது வாரி இறைக்கும் சாலைத் தண்ணீர் நேராகப் பாதத்தில்தான் வந்து விழும். குட்டை மட்கார்டு இதைத் தடுக்காது. முழு நீள மட்கார்டு போட்டு, அதன் கீழ்முனையில் ஒரு ரப்பர் துண்டைத் தரைக்குச் சற்று மேலே வரும்படி தொங்கவிடுங்கள். பழைய பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி மாட்டினாலும் போதும். விலை உயர்ந்த ஷூவைவிட இதைத்தான் நான் முதலில் செய்யச் சொல்வேன்.

பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளீட் ஷூவை விட மனமில்லை. அடிப்பாதம்தான் ஜில்லிடுகிறது. (ஆஸ்லோ)

ஷூவின் அடியில் பெடலோடு பூட்டும் துண்டுதான் கிளீட். அதன் திருகுகள் உலோகம், பல கிளீட்டுகளும் உலோகம்தான். குளிரை அடியிலிருந்து ஏற்றும். கோடைக்கால ஷூ என்றால் காற்றோட்டத் துளைகள் வேறு. ஷூவுக்குள் இருக்கும் மெத்தையான இன்சோலைத் தூக்கி, கிளீட் துளைகளை உள்பக்கம் டேப்பால் மூடுங்கள். கம்பளி இன்சோல் மாற்றி, வெளியே நியோப்ரீன் என்ற ரப்பர் வகை ஓவர்ஷூ போடுங்கள். உறைபனி நாட்களில் சாதாரண பெடலும் பூட்ஸும்தான் நல்லது. அந்தக் குளிரில் வேகத்தைவிட விரல்கள் முக்கியம்.

சாக்ஸுக்கு மேல் பிளாஸ்டிக் பை சுற்றலாமா?

குறுகிய தூரத்துக்குத் தாராளமாக. காற்றும் மழையும் உள்ளே வராது. ஆனால் வியர்வையும் வெளியே போகாது, அதனால் போய்ச் சேர்ந்ததும் மாற்று சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

சூடாக்கும் பொட்டலத்தை ஷூவுக்குள் வைத்தால் சூடே வருவதில்லையே?

அதிலுள்ள இரும்புத்தூள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் சூடாகும். இறுக்கமான ஷூவுக்குள் காற்று ஏது? கிளம்பும் முன்பே பிரித்து வெளியே வைத்து, சூடேறிய பிறகு சாக்ஸுக்கு மேல் வையுங்கள். வெறும் தோலில் வைக்கக் கூடாது, சுட்டுவிடும்.

நனைந்த ஷூவை ஹீட்டர் மேல் வைக்கலாமா?

கூடாது, பசை விட்டுப்போகும். இன்சோலை வெளியே எடுத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணியுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றுங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை. குளிரிலும் சைக்கிளில்தான் போகிறார். 'எனக்குக் கால் குளிரவே இல்லை' என்கிறார். (டொரொன்டோ)

அதுதான் எனக்குக் கவலை. சர்க்கரையால் நரம்பு பாதித்தால் குளிரும் தெரியாது, வலியும் தெரியாது. தொடரலாமா என்று முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். பொட்டலச் சூடு அவருக்கு வேண்டாம். வீடு திரும்பியதும் சாக்ஸைக் கழற்றச் சொல்லி, விரலிடுக்கு வரை நீங்களே பாருங்கள். தோல் வெளுத்து, மெழுகு போலக் கெட்டியாக இருந்தால் தேய்க்காதீர்கள், ஹீட்டர் பக்கம் நீட்ட விடாதீர்கள், உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். போக நேரமாகும் என்றால் 37 முதல் 39 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பான தண்ணீரில் பாதத்தை வைக்கலாம். சூடு சரியா என்று அவரைக் காலை விட்டுப் பார்க்கச் சொல்லாதீர்கள். தெர்மாமீட்டரில் பாருங்கள், இல்லையென்றால் உங்கள் முழங்கையை வைத்துப் பாருங்கள்.