'டார்க் சைட் ஆஃப் தி மூன்': எந்த சிடியை வாங்குவது?

கேள்வி: பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தின் 1994 சிடி என்னிடம் இருக்கிறது. இணையத்தில் பழைய சிடி விற்கும் ஒருவர், 1983இல் ஜப்பானில் வந்த 'கருப்பு முக்கோண' முதல் பதிப்புக்கு (தட்டின் மேல் அச்சிட்ட கருப்பு முக்கோணத்தால் வந்த பெயர்) இணையே கிடையாது என்கிறார். விலை, புது சிடியைவிடப் பல மடங்கு. அது கட்டுப்படியாகாவிட்டால் 1988இல் வந்த தங்க சிடி இருக்கிறதாம். தங்கப் பூச்சு என்பதால் ஒலி துல்லியமாம். முதல் பதிப்பிலிருந்து கணினியில் எடுத்த ஒரு பாட்டை மாதிரிக்கு அனுப்பினார். என் சிடியைவிட அதில் சிம்பல் (டிரம்ஸின் உலோகத் தட்டு) ஓசை பளிச்சென்று கேட்கிறது. என்னிடம் இருப்பது சாதாரண சிடி பிளேயரும் நல்ல ஹெட்ஃபோனும்தான். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த மாதிரிக் கோப்பை நம்பி நிச்சயமாக வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: உங்களிடம் இருப்பது ஒதுக்கத்தக்க சிடி அல்ல. 1992இல் டக் சாக்ஸ், ஜேம்ஸ் கத்ரி என்ற ஒலிப்பொறியாளர்கள் இருவரும் செய்த ரீமாஸ்டர், அதாவது மறு மாஸ்டரிங்தான் 1994 சிடியில் இருக்கிறது. அதை நல்ல வேலை என்று சொல்பவர்களில் நானும் ஒருவன்.

இந்த ஆல்பம் அபே ரோடு ஸ்டுடியோவில் ஆலன் பார்சன்ஸ் ஒலிப்பதிவாளராக இருந்து பதிவாகி, 1973 மார்ச்சில் வெளிவந்தது. அப்போது செய்த ஸ்டீரியோ மிக்ஸ், அதாவது தனித்தனியாகப் பதிந்த குரல்களையும் கருவிகளையும் ஒன்றாகக் கலந்த வடிவம்தான், நீங்கள் கடையில் பார்க்கும் வழக்கமான சிடிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. மாறுவது மாஸ்டரிங். அந்த மிக்ஸ் பதிந்த நாடாவை ஒருவர் ஓடவிட்டு, உச்ச ஓசையை எவ்வளவு கூட்டுவது, அடி ஓசையை எவ்வளவு குறைப்பது, மொத்தச் சத்தத்தை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்கிறார். அவர் கைக்கு வந்தது மூல நாடாவா, நகலின் நகலா என்பதும் சேர்ந்துகொள்கிறது. இரண்டு சிடிகளுக்கு இடையே நீங்கள் கேட்கும் வித்தியாசம் ஏறக்குறைய முழுவதும் இங்கேதான் பிறக்கிறது.

அதன்பின் இசை வெறும் எண்களாகிவிடுகிறது: நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். அந்த எண்களைச் சுமக்கும் தட்டு அலுமினியப் பூச்சா, தங்கப் பூச்சா, ஜப்பானின் எஸ்எச்எம் என்ற சிறப்பு வகைப் பிளாஸ்டிக்கா என்பதால் எண்கள் மாறுவதில்லை. ஒரே கடிதத்தைத் தடித்த தாளில் நகலெடுத்தாலும் வாசகம் அதேதான். தங்கம் கறுக்காது, அரிக்காது. தட்டு நீடித்து உழைக்க அது உதவும். மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் 1988 தங்க சிடியைப் பலர் விரும்புவதற்குக் காரணம் அதற்கென்று தனியாகச் செய்த மாஸ்டரிங். விற்பவர் அதைச் சொல்லாமல் உலோகத்தைச் சொல்லி விலை பேசுகிறார் என்றால், தான் விற்பது என்னவென்று அவருக்கே தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியக்கூடாது என்று நினைக்கிறார்.

அடுத்த பொறி, சத்தம். ஒரே பாட்டை ஒன்றிரண்டு டெசிபல் கூட்டி வைத்தால், நம் காது அதைச் 'சத்தம் அதிகம்' என்று உணர்வதில்லை. 'தெளிவு அதிகம்', 'உயிர்ப்பு அதிகம்' என்றுதான் உணரும். விற்பனைக்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள். சிடி நிறுவனங்களும் அறியும். 1990களிலிருந்து ரீமாஸ்டர் என்ற பெயரில் மெல்லிய இடங்களையும் உரத்த இடங்களையும் ஒரே மட்டத்துக்கு நெருக்கி, மொத்தச் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். இந்த ஆல்பத்துக்கு அது எவ்வளவு கேடு என்று யோசித்துப் பாருங்கள். கேட்கிறதா இல்லையா என்ற அளவில் ஓர் இதயத்துடிப்போடு தொடங்கி, படிப்படியாக ஏறி, ஓர் அலறலில் வெடிக்கும் தொடக்கம் அது. 'டைம்' பாட்டில் கடிகாரங்கள் ஒரே நேரத்தில் அலறுவது தூக்கிவாரிப் போடுவது, அதற்கு முன்னால் இருக்கும் அமைதியால்தான். அந்த ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்கிவிட்டு 'புதுப்பொலிவு' என்று அட்டையில் போடுகிறார்கள்.

2003இல் வந்த முப்பதாம் ஆண்டுப் பதிப்பு இதற்குப் பாடம். அது எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி என்ற உயர்தர வகை) அடுக்கும் சாதாரண சிடி அடுக்கும் ஒரே தட்டில் சேர்ந்த கலப்பு வகை. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டவர்கள், எஸ்ஏசிடி என்ற தொழில்நுட்பமே மேல் என்று முடிவு கட்டினார்கள். ஸ்டீரியோஃபைல் இதழ் அளந்து பார்த்தபோது, சிடி அடுக்கில் இருந்த இசை கூடுதலாக நெருக்கப்பட்டிருந்தது தெரிந்தது. ஒப்பிட்டவை இரண்டு வெவ்வேறு மாஸ்டரிங்குகள். இதை அட்டையில் ஒரு வரி போட்டிருந்தால் எத்தனை பேர் ஏமாறாமல் இருந்திருப்பார்கள்! யார் மாஸ்டர் செய்தார், எந்த ஆண்டு, எந்த நாடாவிலிருந்து என்ற மூன்று தகவல்களை அச்சிட எந்த நிறுவனத்துக்கும் மை தீர்ந்துவிடாது. மருந்துப் புட்டியில் உள்ளே இருப்பது என்னவென்று எழுதாமல் விற்க முடியாது. இசையில் மட்டும் 'டிஜிட்டல் ரீமாஸ்டர்' என்ற இரண்டு சொற்களோடு எல்லாம் முடிந்துபோகிறது. இடைத்தரகர்கள் பிழைப்பதே இந்த மௌனத்தில்தான்.

இனி அந்த மாதிரிக் கோப்புக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் பணம் காப்பாற்றப்படுவது இங்கேதான்.

1980களின் தொடக்கத்தில், குறிப்பாக ஜப்பானில் வந்த சில சிடிகளில் 'ப்ரீ-எம்ஃபசிஸ்' என்ற ஏற்பாடு இருந்தது. பதிவு செய்யும்போது உச்ச ஓசையை வேண்டுமென்றே தூக்கிவிடுவார்கள். மேல் கோடியில் ஏறக்குறைய 10 டெசிபல் வரை. தட்டில் அதற்கான ஓர் அடையாளக் குறியையும் சேர்ப்பார்கள். சிடி பிளேயர் அந்தக் குறியைப் படித்து, தூக்கியதை அதே அளவுக்கு இறக்கிவிடும். காதுக்கு வருவது சரியான ஓசை. இடையில் உச்ச ஓசையில் சேரும் இரைச்சலும் குறையும். பீட்டில்ஸின் 'அபே ரோடு' ஆல்பத்துக்கு 1983இல் தோஷிபா-ஈஎம்ஐ வெளியிட்ட ஜப்பான் சிடி இந்த வகை.

கணினி அப்படி வேலை செய்வதில்லை. அது எண்களை அப்படியே கோப்பாக எடுத்துவைக்கும். தூக்கிய உச்ச ஓசை தூக்கியபடியே நிற்கும். சில தட்டுகளில் அந்தக் குறி முன்னால் இருக்கும் உள்ளடக்க அட்டவணையில் இருக்காது, பாட்டோடு ஓடும் துணைத் தரவில் மட்டும் இருக்கும். அட்டவணையை மட்டும் பார்க்கும் மென்பொருள் அதைக் கவனிக்காமலே விட்டுவிடும். விளைவு, சிம்பல் பளிச்சிடும், ச, ஷ ஓசைகள் சீறும், 'அடடா, எவ்வளவு விவரம்!' என்று தோன்றும். விவரம் எதுவும் கூடவில்லை. இறக்க வேண்டியதை இறக்கவில்லை, அவ்வளவுதான். உங்களுக்கு வந்த கோப்பு இப்படிப்பட்டதா என்று நான் கேட்காமல் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறி இதற்கு அச்சாகப் பொருந்துகிறது. அப்படியானால் பணம் கட்டி வாங்கி உங்கள் பிளேயரில் போட்டதும் அந்தப் பளபளப்பு காணாமல் போய்விடும். ஆகவே 1980களின் ஜப்பான் சிடியை எவர் அனுப்பும் கணினிக் கோப்பை வைத்தும் எடைபோடாதீர்கள். பிளேயரில் ஓடவிட்டுக் கேட்க வேண்டும், அல்லது குறியைக் கவனித்துச் சரிசெய்து எடுத்த கோப்பாக இருக்க வேண்டும்.

முதல் பதிப்பு என்ற பெயரில் நடக்கும் வேலைகளும் உண்டு. அட்டைப்பெட்டி ஒரு பதிப்பு, உள்ளே தட்டு வேறு பதிப்பு. ஓபி எனப்படும் காகிதப் பட்டை மட்டும் தனியாக வாங்கிச் சேர்த்தது. படத்தில் அட்டை மட்டும் தெரியும், தட்டின் பின்புறம் தெரியாது. தட்டின் பளபளப்பான பக்கத்தில், நடுத்துளையைச் சுற்றியுள்ள வளையத்தில் மேட்ரிக்ஸ் எண் பொறித்திருக்கும். எந்த மாஸ்டரிங் என்று காட்டிக்கொடுப்பது அதுதான். அதே வளையத்தில் 'ஐஎஃப்பிஐ' (IFPI) என்று தொடங்கும் குறியீடு இருந்தால், அந்தத் தட்டு 1983இல் அச்சானது அல்ல. அந்தக் குறியீடு வழக்கத்துக்கு வந்ததே 1994இல்தான்.

நீங்கள் செய்யக்கூடியது இது. 2011இல் ஜேம்ஸ் கத்ரி செய்த ரீமாஸ்டரும், ஐம்பதாம் ஆண்டுக்கு 2023இல் வந்ததும் ஸ்ட்ரீமிங்கிலோ நண்பர்களிடமோ கேட்கக் கிடைக்கும். உங்கள் சிடியையும் கணினியில் எடுத்து, சத்தத்தை மென்பொருளால் சமப்படுத்துங்கள். எது எதுவென்று தெரியாதபடி வேறொருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். 'டைம்' கடிகாரங்களையும், 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' பாட்டில் கிளேர் டோரியின் குரல் உச்சிக்கு ஏறும் இடத்தையும் கேளுங்கள். அங்கே புதியது மேல் என்று கண்ணை மூடிக்கொண்டும் தோன்றினால், சாதாரண விலையில் அதை வாங்குங்கள். தோன்றாவிட்டால் உங்கள் சிடியே போதும். பல சேனல் ஒலியமைப்பு இருப்பவர்களின் கணக்கு வேறு. அது உங்களுக்கு இப்போது தேவையில்லை.

கருப்பு முக்கோணத்தின் மீது இன்னும் மனம் போகிறதென்றால், அந்த விற்பனையாளரிடம் தட்டின் இரு பக்கங்களின் படத்தையும், மேட்ரிக்ஸ் வளையத்தின் நெருக்கமான படத்தையும் கேளுங்கள். வெளியீட்டு எண் (கேட்டலாக் நம்பர்) சிபி35-3017 (CP35-3017) என்று இருக்க வேண்டும். கோப்பை எந்த மென்பொருளில் எடுத்தார், ப்ரீ-எம்ஃபசிஸ் சரிசெய்தாரா என்றும் எழுத்தில் கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் அவரோடு பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள்.