பர்மாவில் நம்மையும்தான் சொன்னார்கள்

கேள்வி: ஹிட்லரைப் புகழ்ந்த ஒரு மீமைக் கண்டித்து எழுதினேன். 'யூதர்கிட்ட எவ்வளவு வாங்கினே?' என்று மூன்று வாரமாக வசவு. தூக்கமே போச்சு. விட்டுவிடலாமா?
– வரலாற்றுப் பேராசிரியை, காரைக்குடி

பதில்: விடாதீர்கள் அம்மா, ஆனால் ராத்திரி போனைத் தள்ளி வையுங்கள், கமெண்ட்டுகளை வேறு யாராவது படித்து மிரட்டல்களை மட்டும் சைபர் கிரைமுக்கு எடுத்து வைக்கட்டும். அமெரிக்கப் பேராசிரியை டெபோரா லிப்ஸ்டாட், ஹிட்லர் காலத்து யூதப் படுகொலையை நடக்கவில்லை என்று மறுப்பவர் என பிரிட்டிஷ் எழுத்தாளர் டேவிட் இர்விங்கைப் பற்றி எழுதியதற்காக, 1996-ல் லண்டனில் அவரிடமே அவதூறு வழக்கு வாங்கினார்; அந்நாட்டுச் சட்டப்படி எழுதியது உண்மை என்று நிரூபிக்கும் சுமை எழுதியவர் தலையில், 2000 ஏப்ரலில்தான் ஜெயித்தார். அப்புறம், வட்டிக்காரன், ரத்தம் உறிஞ்சுகிறவன் என்று யூதரைச் சொன்ன அதே பேச்சுதானே பர்மாவில் வட்டிக்குக் கடன் கொடுத்த நம் செட்டியார்கள் மேலும் விழுந்தது? திட்டுகிற பிள்ளைகளை வீட்டு ஐயாவிடம், அதான் தாத்தாவிடம், கேட்கச் சொல்லுங்கள்.