ஹீப்ரூ ஸ்கூல்ல பொண்ண சேக்கலாமான்னு கேட்ட தங்கச்சிக்கு

நீங்க எழுதினத படிச்சேன் மா. கோயம்புத்தூர்ல இருந்து நியூஜெர்சி வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகல, வீட்டுக்காரர் இங்கயே பொறந்து வளந்த யூதர், பொண்ணு ரெண்டாங்கிளாஸ், வர்ற செப்டம்பர்ல அவங்க சினகாக்ல (யூதங்க கும்பிடற இடம்) மதமும் ஹீப்ரூ எழுத்தும் சொல்லிக் குடுக்கற ஹீப்ரூ ஸ்கூல்ல சேத்தே ஆகணும்னு மாமியார் சொல்றாங்க, சேக்கலாமா, என்ன சொல்லிக் குடுப்பாங்க, நான் இந்துவா இருக்கறது பிரச்சனையா, அப்புறம் டிரைவிங் லைசன்ஸ், குளிருக்கு என்ன கோட்டு, இட்லி அரிசி எந்த பிராண்டுன்னு எல்லாத்தையும் ஒரே மூச்சுல கேட்டிருக்கீங்க. லைசன்ஸு, கோட்டு, அரிசிக்கெல்லாம் பதில் சொல்ல எடிசன் பக்கம் தடுக்கி விழுந்தா ஆள் இருக்கு, அங்க கேட்டுக்கோங்க. ஹீப்ரூ ஸ்கூல் பத்தி நம்ம ஆளுங்க தெரிஞ்சு சொல்றவங்க கம்மி, தெரியாம சொல்றவங்க நிறைய. அதனால அத மட்டும் நான் சொல்றேன். நான் வேலூர்க்காரி, ஃபிலடெல்ஃபியா பக்கம் ரொம்ப வருஷமா இருக்கேன், என் வீட்டுக்காரரும் யூதர்தான், பையன் பொண்ணு ரெண்டு பேரும் அந்த ஸ்கூல்ல படிச்சு வளந்தவங்க.

பீஸ் கட்டறதுக்கு முன்னாடி, யூனிஃபார்ம் உண்டா சிலபஸ் என்னன்னு கேக்கறதுக்கெல்லாம் முன்னாடி, நீங்களும் உங்க வீட்டுக்காரரும் ரபை, அதாவது அந்த சினகாக்கோட மதகுரு, அவர் முன்னாடி நேர்ல உக்காந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "எங்க பொண்ணு இந்த சினகாக்ல யூதப் பொண்ணுன்னு கணக்குல வருவாளா?" அவ்ளோதான். ஆஃபீஸ்ல இருக்கறவங்க "கண்டிப்பா வாங்க, எல்லாரும் வரலாம்"னு சிரிச்சிட்டே சொல்வாங்க, அத பதிலா எடுத்துக்காதீங்க. யூத சட்டப்படி அம்மா வழிதான் பிள்ளைக்கு. யூதங்கள்ல ஆர்தடாக்ஸ், கன்சர்வேட்டிவ்னு ரெண்டு பிரிவுக்காரங்களும் இன்னிக்கும் அதத்தான் பின்பற்றாங்க. ஆனா ரிஃபார்ம் பிரிவுல 1983ல அவங்க ரபைகள் கூடி ஒரு தீர்மானம் போட்டாங்க, அம்மா அப்பா ரெண்டு பேர்ல ஒருத்தர் யூதரா இருந்து, பிள்ளைய அந்த மரபுல வெளிப்படையா வளத்தா அது யூதப் பிள்ளைதான்னு. ஆக ஒரே தெருவுல ரெண்டு சினகாக் இருந்தா ஒண்ணுல உங்க பொண்ணு யூதப் பொண்ணு, இன்னொண்ணுல இல்ல. இது தெரியாம சேக்கறது பெரிய ஆபத்து.

எங்களுக்கு இத யாரும் சொல்லல. வீட்டுப் பக்கத்துல இருந்த ஒரு கன்சர்வேட்டிவ் சினகாக்ல பையன சேத்தோம், எங்க குடும்ப விவரம் எல்லாம் ஃபார்ம்லயே தெளிவா எழுதிக் குடுத்திருந்தோம், பணம் வாங்கிக்கிட்டாங்க, பையனும் நல்லா படிச்சான், ஷெமா பிரார்த்தனைய கண்ண மூடிட்டு கணீர்னு சொல்வான். அப்புறம், பதிமூணு வயசுல அவங்க வேதமான தோராவ மேடைல படிக்கற பார் மிட்ஸ்வா விழாவுக்கு தேதி குடுக்கற நேரத்துலதான் எங்கள கூப்பிட்டு, மூணு பேர் கொண்ட சபை முன்னாடி நின்னு, மிக்வேன்னு அவங்க சடங்குக் குளத்துல முங்கி, முறைப்படி மதம் மாறினாத்தான் பையன் தோரா முன்னாடி நிக்க முடியும்னு சொல்றாங்க. பையனுக்கு அப்ப பத்து வயசு. கார்ல வரும்போது பின் சீட்ல இருந்து "அப்ப இத்தன நாள் நான் யாரும்மா?"ன்னு கேட்டான். அந்தக் கேள்விய எந்தப் பிள்ளையும் கேக்கற மாதிரி வெக்கக் கூடாது. அவங்க சட்டம் அவங்களுது, அத நான் குறை சொல்லல, பல குடும்பம் சந்தோஷமா அத செஞ்சிருக்காங்க. ஆனா முதல் நாளே சொல்லிருக்கணும். அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகல. அதுக்கப்புறம் கொஞ்சம் தள்ளி இருந்த ஒரு ரிஃபார்ம் சினகாக்குக்கு மாறினோம், அங்க முதல் மீட்டிங்லயே ரபை எல்லாத்தையும் புட்டுப் புட்டு வெச்சார்.

ரெண்டாவது எச்சரிக்கையும் நம்ம ஆளுங்களுக்குன்னே உள்ளது. பல ரிஃபார்ம் சினகாக் ஃபார்ம்ல "பிள்ளை வேற மதப் பாடசாலைக்குப் போகுதா"ன்னு ஒரு வரி இருக்கும். 1995ல அந்த இயக்கத்தோட தலைமை அமைப்பே, வேற மதத்துல முறைப்படி படிக்கற பிள்ளைங்கள சேக்க வேண்டாம்னு சொல்லிடுச்சு. அந்த வரி கிறிஸ்தவக் குடும்பங்கள மனசுல வெச்சு எழுதினது, ஆனா ஞாயித்துக்கிழமை சின்மயா மிஷன் பாலவிஹாருக்கு அனுப்பறதும் அதுல வரும். பேசாம ரெண்டு பக்கமும் அனுப்பிக்கலாம்னு நெனைக்காதீங்க, பிள்ளை அங்க போய் ஸ்லோகம் சொல்லும், இங்க வந்து அதையும் சொல்லும், பிள்ளை வாய அடைக்க முடியாது. வீட்ல பொங்கல் வெக்கறது, கார்த்திகை விளக்கு ஏத்தறது, ஊருக்குப் போனா தாத்தா பாட்டியோட கோயிலுக்குப் போறது, இதயெல்லாம் எங்க ரபை ஒரு நாளும் தப்பா பேசினதில்ல. தமிழ்ப் பள்ளிக்கு எந்தத் தடையும் இல்ல, அது மொழி, மதம் கிடையாது. அத விட்றாதீங்க. சனிக்கிழமை ஷபாத்ங்கற ஓய்வு நாள், ஞாயிறு காலைல ஹீப்ரூ ஸ்கூல், எங்க ஊர் தமிழ்ப் பள்ளி ஞாயிறு மதியம், அத வெச்சு நான் ஓட்டினேன். என் பசங்க ரெண்டு பேரும் வேலூர்த் தமிழ் பேசுவாங்க. அம்மா அப்பா ரெண்டு பேரும் தமிழரா இருந்தும், பிள்ளைய தமிழ்ப் பள்ளி வாசல்ல இறக்கி விட்டுட்டு காஸ்ட்கோ போய்ட்டு வந்து "பேசவே மாட்டேங்குது"ன்னு புலம்பறவங்கள பாத்தா எனக்கு ஆத்திரமா வரும்.

என்ன சொல்லிக் குடுப்பாங்கன்னு கேட்டீங்க. சின்னக் கிளாஸ்ல கதை, பாட்டு, பண்டிகை. மூணாங்கிளாஸ்ல இருந்து வாரநாள்ல ஒரு சாயங்காலமும் சேந்துக்கும், அதுலதான் எழுத்து. 22 எழுத்து, வலதுல இருந்து இடது. பசங்க படிக்கற புக்ல எழுத்துக்குக் கீழ புள்ளி, கோடுன்னு உயிர் ஒலிக்குக் குறி இருக்கும், ஆனா தோரா சுருள்ல அது எதுவுமே இருக்காது, ராகத்துக்கான குறியும் இருக்காது. பதிமூணு வயசுல பிள்ளை மேடையேறி அந்த வெறும் எழுத்தப் பாத்து ராகத்தோட படிக்கணும். சுருள் தோல்ல எழுதினது, அதுல கை படக் கூடாதுன்னு யாட்னு ஒரு வெள்ளிக் குச்சி, அதோட நுனில சின்னதா ஒரு கை, சுட்டுவிரல் மட்டும் நீட்டிட்டு இருக்கும், அத வெச்சு வரி வரியா காட்டிப் படிக்கணும். நானும் பெரியவங்க கிளாஸ்ல உக்காந்து அந்த 22 எழுத்தையும் படிச்சேன், பொண்ணு தப்பு விட்டா அடுப்படில இருந்தே திருத்துவேன். எங்க கிளாஸ்லயே எங்க மாமியார் வயசுக்காரங்க நாலஞ்சு பேர் இருந்தாங்க, அவங்க காலத்துல பல சினகாக்ல பொண்ணுங்களுக்கு அந்த மேடை கிடையாது. அமெரிக்காவுல பொண்ணுங்களுக்கான முதல் விழா, பாட் மிட்ஸ்வாவே 1922ல நியூயார்க்ல, ரபை மோர்டெக்காய் கப்லன் தன் பொண்ணு ஜூடித்துக்கு நடத்தினது, எல்லா ஊருக்கும் பரவ ரொம்ப வருஷம் ஆச்சு. அதனால அந்தப் பாட்டிங்க பேத்தி வயசுப் பசங்க படிக்கற எழுத்த அப்பத்தான் கூட்டிப் படிச்சாங்க. இந்த ஞாயித்துக்கிழமைப் பள்ளி முறையே ஃபிலடெல்ஃபியாவுல 1838ல ரெபெக்கா கிராட்ஸ்னு ஒரு அம்மா தொடங்கினதுதான், எங்க ஊர்ப் பெருமை, அதான் சொல்லிக்கறேன்.

எந்தப் பகுதி படிக்கணுங்கறது தேதிய பொறுத்து வரும், அந்த வாரத்துக்குரிய பகுதி என்னவோ அது. அதப் பத்தி பிள்ளையே யோசிச்சு ஒரு பேச்சும் பேசணும். எங்க பொண்ணுக்கு ஏப்ரல்ல வந்தது தோராவுல லேவியராகமம்ங்கற புத்தகம், தோல் நோய் வந்தவன பாளையத்துக்கு வெளிய வெக்கற சட்டம். எந்தப் பிள்ளையும் விரும்பாத பகுதின்னு சொல்வாங்க, அவளும் அழுதா. அந்த நோயும் இன்னிக்கு நாம சொல்ற தொழுநோயும் ஒண்ணு இல்லன்னு ரபை முதல்லயே விளக்கிட்டார். அப்புறம் நான் சொன்னேன், உங்க தாத்தாவ கேளு. எங்க அப்பா வேலூர் பக்கத்துல கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரில செருப்பு செய்யற பட்டறைல வேலை பாத்தவர். உணர்ச்சி செத்துப்போன காலுக்கு எம்.சி.ஆர்னு மெத்துனு ஒரு ரப்பர் வரும், ஒவ்வொருத்தர் பாதத்தையும் காகிதத்துல வெச்சு வரைஞ்சு, புண் இருக்கற இடத்துல பாரம் விழாத மாதிரி வெட்டி ஒட்டுவாங்க. பொண்ணு போன்ல மணிக்கணக்கா கேட்டு நோட்டு முழுக்க எழுதினா. ஒருத்தர் கால மடில எடுத்து வெச்சு அளவெடுக்கும்போது, சொந்தப் பிள்ளையே என்ன தொட்டு வருஷக்கணக்காச்சுன்னு அவர் அழுதத அப்பா சொல்லிருக்கார். எனக்கே அது தெரியாது. அவ படிச்ச பகுதில ஒரு வரி வரும், ஆசாரியன், அதாவது அவங்க பூசாரி, பாளையத்துக்கு வெளிய போய் அவனப் பாக்கணும்னு, நோயாளி உள்ள வரக் கூடாது, ஆசாரியன்தான் எழுந்து போகணும். அந்த வரியையும் தாத்தா பட்டறையையும் சேத்து வெச்சு பேசினா பாருங்க, வேலூர் வெயிலையும் கரிகிரியையும் பாக்காத அத்தன பேரும் அசையாம கேட்டாங்க. நான் மேடைல தமிழ்லயே வாழ்த்து சொன்னேன். இங்க காலைல பத்தரை, ஊர்ல ராத்திரி எட்டு, அப்பா வீடியோல பாத்துட்டு இருந்தார்.

உங்களுக்கு மேடைல என்ன இடம்னும் முன்னாடியே கேளுங்க. சில இடத்துல யூதரா இல்லாத அம்மா கூட நிக்கலாம், ஆனா தோராவுக்கான ஆசீர்வாதம் சொல்ல முடியாது, சில இடத்துல மேடையேறவே விடமாட்டாங்க. கடைசி வாரத்துல தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போகும்.

இப்ப என் பெரிய ஆதங்கம். யூத அப்பா, வேற மத அம்மா, இந்த மாதிரி வீட்ல பெரும்பாலும் கார் ஓட்டறது, ஹோம்வொர்க் பாக்கறது, பூரிம்ங்கற பண்டிகைக்கு பிள்ளைக்கு வேஷம் தைக்கறது எல்லாம் அம்மாதான். அப்பாக்கள்ல பலபேர் "எனக்கு அந்த ஸ்கூல் புடிக்கவே இல்ல, நானும் கஷ்டப்பட்டேன், அவளும் படட்டும்"னு சொல்லிட்டு ஞாயித்துக்கிழமை தூங்குவாங்க. இத ஒத்துக்காதீங்க மா. அவர் மரபு, அவர்தான் முன்ன நிக்கணும். நாங்க சினகாக் மாறினப்பவே பேசி முடிச்சோம், ஞாயிறு அவர் கூட்டிட்டுப் போகணும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்ல இருந்து மெழுகுவத்தி ஏத்தற நேரத்துக்கு மேசைல உக்காரணும், இல்லன்னா ஸ்கூல் வேண்டாம். அவர் மாறினார். வீட்ல நடக்காத ஒண்ண ஸ்கூல் மட்டும் சொல்லிக் குடுத்தா பிள்ளைக்கு அது ட்யூஷன் மாதிரிதான் ஏறும்.

நம்ம ஜனங்க பேச்சுக்கு காது குடுக்காதீங்க. "பிள்ளைய அவங்க கிட்ட தூக்கிக் குடுத்துட்டியே"ன்னு ஒரு கூட்டம், "யூதங்களோட சேந்தா பசங்களுக்கு மூளை வரும், காசு வரும்"னு இன்னொரு கூட்டம். முதல் கூட்டத்துக்கு பதில் சொல்லாம இருக்கலாம். ரெண்டாவது பேச்ச உங்க வீட்ல யாரும் பேச விடாதீங்க, ஒரு ஜனத்தப் பத்தி அப்படிப் பேசிப் பேசித்தான் ஐரோப்பாவுல என்னென்னவோ நடந்துச்சு, அந்தப் பாடத்தையும் உங்க பொண்ணு அங்கதான் படிப்பா.

சினகாக் வாசல்ல போலீஸ் நின்னா பயப்படாதீங்க. 2018 அக்டோபர்ல பிட்ஸ்பர்க் ட்ரீ ஆஃப் லைஃப் சினகாக்ல சுட்டு 11 பேர் செத்ததுக்கப்புறம் நிறைய இடத்துல கதவு பூட்டியே இருக்கும், பசங்களுக்கு ஒளிஞ்சிக்கற பயிற்சியும் உண்டு. பின்னாடி வர்றவங்களுக்கு மரியாதைக்கு கதவ புடிச்சிட்டு நிக்காதீங்க, அத அங்க செய்யக் கூடாது. நம்ம நிறத்துல ஆம்பள ஆள் போனா ரெண்டு கேள்வி கூட கேப்பாங்க, என் தம்பிய பொண்ணோட விழாவுக்கே வெளிய நிறுத்தி வெச்சிட்டாங்க, நான் சும்மா விடல, கமிட்டில போய்ப் பேசினேன், அடுத்த தடவை விருந்தாளி பட்டியல் முன்னாடியே வாசல்ல இருந்துச்சு. காவல் வேணும், யாரு நம்ம ஆளுன்னு தோல் நிறத்த வெச்சு முடிவு பண்ணக் கூடாது.

சாப்பாடு கொண்டு போனா பன்னி, இறால், நண்டு கிடையவே கிடையாது, நட்ஸும் பல இடத்துல கூடாது. பூரிமுக்கு நான் கொண்டக்கடலை சுண்டல் கொண்டு போவேன். அந்தப் பண்டிகைக் கதைல வர்ற எஸ்தர் ராணி அரண்மனைல பயறு வகை மட்டும் சாப்பிட்டு இருந்தான்னு அவங்க மரபு, அதனால சுண்டல் அங்க சரியா பொருந்திப் போச்சு. எங்க ஸ்கூல் லிஸ்ட்ல தேங்காயையும் நட்ஸ்ல சேத்திருந்தாங்க, கேட்டுட்டுத்தான் துருவிப் போட்டேன். எஸ்தர் கதைல முதல் வரியிலயே இந்தியா வரும், அந்த ராஜா இந்தியாவுல இருந்து எத்தியோப்பியா வரைக்கும் 127 நாடு ஆண்டான்னு. அத முதல் தடவை கேட்டப்ப என் பொண்ணு எந்திரிச்சு நின்னு "எங்க அம்மா ஊரு"ன்னு கத்தினா.

பதிமூணு முடிஞ்சதும் பாதிக்கு மேல பசங்க நின்னுடுவாங்க, என் பையனும் நின்னுட்டான், அது அவன் முடிவு. பொண்ணு பத்தாங்கிளாஸ்ல கன்ஃபர்மேஷன்னு நடக்கற விழா வரைக்கும் போனா, அதுக்கு மேலயும் ஞாயிறு கிளாஸ்ல சின்னப் பசங்களுக்கு எழுத்து சொல்லிக் குடுக்கற உதவியாளரா இருந்தா. அந்த வயசு கிளாஸ்தான் எனக்கு ரொம்பப் புடிச்சது, கடவுள் இருக்காரான்னு ரபைகிட்டயே வாதாடுவாங்க, அவரும் கோவப்படாம பதில் கேள்வி கேப்பார். உங்க பொண்ணுகிட்ட பாட் மிட்ஸ்வாவ முடிவுன்னு ஒரு நாளும் சொல்லாதீங்க.

பீஸ் பத்தி, மெம்பர்ஷிப் தனி, ஸ்கூல் தனி, கட்ட முடியலன்னா பெரும்பாலும் குறைப்பாங்க, கூச்சப்படாம கேளுங்க. தேதி ரெண்டு மூணு வருஷம் முன்னாடியே குடுப்பாங்க, அப்ப மே மாசம் வேணும்னு கேளுங்க, நம்ம ஊர்ல ஸ்கூல் லீவு, அக்கா தங்கச்சி பிள்ளைங்க வரலாம். அந்த லெட்டர் கைக்கு வந்த அன்னிக்கே அப்பா அம்மா பாஸ்போர்ட்ட பாருங்க, விசிட்டர் விசா இன்டர்வியூ தேதி சென்னைல லேசுல கிடைக்காது, எங்க அப்பா வர முடியாமப் போனது அதனாலதான்.